விலையும் விவரமும்

பொருளைத் தேடுதல் அரிது. தேடிய பொருளைத் தக்கவாறு செலவிடுதல் அதனினும் அரிது. கத்தரிக்காய் வாங்கச் சந்தைக்குச் செல்வோர் இரண்டு கடைகளிலேனும் விலை கேட்பர். காயைப் புரட்டிப் பார்ப்பர். ஆனால், பல ஆண்டுகள் சேர்த்த பணத்தைக் கொண்டு ஸ்கூட்டர் வாங்கச் செல்லும்போதோ, விற்பனை நிலையத்தின் ஒளியும் புது வண்டியின் பளபளப்பும் அவர்களுடைய வாயை அடைத்துவிடுகின்றன. கேட்க வேண்டியதைக் கேளாமல், கேட்ட தொகையைக் கொடுத்து வருவோர் பலர்.

முன்னாளில் நிலை வேறாக இருந்தது. 1960-ஆம் ஆண்டில் வந்த ஆணையின்படி இந்தியாவில் ஸ்கூட்டர் விற்பனை அரசின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. வண்டிகளோ சில, வேண்டுவோரோ பலர். மக்கள் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். காத்திருக்க இயலாதவர்கள் உரிய விலைக்கு மேலும் பணம் கொடுத்து வாங்கினர். அக்காலத்தில் விலை பேசுதற்கு இடமே இல்லை. இன்று பல நிறுவனங்கள் போட்டியிட்டு வண்டிகளை விற்கின்றன. ஆதலின், பேசி வாங்கும் வலிமை வாங்குவோர்க்கு வந்துள்ளது. அவ்வலிமையை ஒரு குடும்பத்தார் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைக் காண்போம்.

கும்பகோணத்தில் தையற்கடை வைத்திருந்த ஒருவருக்கு ஒரே மகள். அவள் செவிலியர் கல்வி கற்று, ஊரிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனையில் பணி பெற்றாள். இரவில் பணி முடியும் வேளையில் அவ்வழியே பேருந்து இல்லை. வண்டி இல்லையேல் பணியைக் கைவிட நேரும். தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த 1,05,000 ரூபாய்தான் அக்குடும்பத்தின் கைப்பொருள்.

தந்தையும் மகளும் ஒரு விற்பனை நிலையத்திற்குச் சென்றனர். சுவரில் எழுதியிருந்த விலை 85,000 ரூபாய். தந்தை மகிழ்ந்தார். ஆனால், விற்பனையாளர் கணக்கிட்டுச் சொன்ன தொகை 1,10,500 ரூபாய். தந்தையின் முகம் வாடியது. “எஞ்சிய பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்துவிடலாம், அம்மா” என்றார் அவர். மகளோ, “ஐயா, இத்தொகை எவ்வெவற்றுக்கு என்று தனித்தனியே எழுதிக் கொடுங்கள்” என்று பணிவுடன் கேட்டாள்.

விற்பனையாளர் எழுதிக் கொடுத்த தாளில் ஏழு வரிகள் இருந்தன. வண்டியின் விலை 85,000, சாலை வரி 8,500, பதிவுக் கட்டணமும் அதனைச் சார்ந்தவையும் 700, காப்பீடு 8,000, கையாளும் கட்டணம் 2,500, துணைப்பொருள்கள் 4,300, நீட்டித்த உத்தரவாதம் 1,500. தாளைப் பெற்றுக்கொண்டு இருவரும் வீடு திரும்பினர். அன்று அவர்கள் முன்பணம் ஏதும் கட்டவில்லை.

இவ்வேழு வரிகளும் ஒரே தன்மையன அல்ல. வண்டியின் விலையில் சரக்கு சேவை வரி அடங்கியுள்ளது. 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு நூற்றுக்கு 28 ஆக இருந்த அவ்வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள புது வண்டிக்குச் சாலை வரி நூற்றுக்குப் பத்து என 2023-இல் அறுதியிடப்பட்டது. பதிவுக் கட்டணமும் சட்டம் வகுத்ததே. இவற்றில் வணிகர் குறைக்கத் தக்கது எதுவும் இல்லை. கூட்டத் தக்கதும் இல்லை.

காப்பீட்டின் நிலை வேறு. பிறர்க்கு நேரும் தீங்கிற்கான காப்பீட்டைப் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக் காலத்திற்கு எடுத்தல் 2018 முதல் கட்டாயம். ஆயினும், அதனை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குவோர் விருப்பம். துணைப்பொருள்களும் நீட்டித்த உத்தரவாதமும் வேண்டுவோர் வாங்குவன, கட்டாயமானவை அல்ல. கையாளும் கட்டணமோ அரசு விதித்ததன்று. வண்டியை வாங்குவோர் கையில் ஒப்படைத்தல் விற்பவர் கடமையேயாகும்.

மகள் மறுநாள் இரண்டு செயல்கள் செய்தாள். தஞ்சாவூரிலுள்ள மற்றொரு நிலையத்தில் அதே வண்டிக்கு எழுத்து வடிவில் விலைப்பட்டியல் பெற்றாள். அதில் கையாளும் கட்டணம் இல்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கேட்டபோது, அதே காப்பீடு 6,500 ரூபாய்க்குக் கிடைப்பதாக அறிந்தாள். பின்னர், இரண்டு தாள்களுடன் முதல் நிலையத்திற்கே தந்தையோடு சென்றாள்.

“ஐயா, எங்கள் ஊரிலேயே வாங்கினால் பழுது பார்க்க எளிது என்பதால் தங்களிடமே வந்தோம். இக்கட்டணத்தை நீக்கி, காப்பீட்டை இவ்விலைக்குத் தர இயலுமா?” என்று அவள் கேட்டாள். குரலில் சினம் இல்லை, அச்சமும் இல்லை. விற்பனையாளர் தாள்களைப் பார்த்தார். மேலாளரிடம் சென்று கலந்து வந்தார். கையாளும் கட்டணம் நீங்கியது. காப்பீடு 6,500 ஆயிற்று. துணைப்பொருள்களில் வண்டியைக் காக்கும் கம்பிச் சட்டத்தை மட்டும் 1,300 ரூபாய்க்கு வைத்துக்கொண்டு பிறவற்றை அவள் விலக்கினாள். நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்ததால், உத்தரவாதம் பயனுடையது என்று கருதி அதனை ஏற்றாள். வண்டியுடன் தலைக்கவசம் ஒன்றைத் தருதல் வேண்டும் என்னும் விதியையும் நினைவூட்டி, அதனையும் பெற்றாள்.

முடிவில் தொகை 1,03,500 ரூபாய் ஆயிற்று. கடன் வாங்க நேரவில்லை; 1,500 ரூபாய் மிஞ்சியது. ஒவ்வொரு வரிக்கும் ரசீது பெற்ற பின்னரே தந்தை பணத்தைச் செலுத்தினார். அன்றிரவு அத்தாய் மிஞ்சிய பணத்தை எண்ணி, பெட்ரோலுக்கென்று தனியே எடுத்து வைத்தாள்.

இந்நிகழ்ச்சியில் வணிகர் தீயவர் அல்லர். இலாபம் பெறுதல் வணிகத்தின் இயல்பு. ஆனால், எது வரி, எது கட்டணம், எது விருப்பம் என்று பிரித்துச் சொல்லாமல் ஒரே தொகையாகச் சொல்லும்போது குழப்பம் பிறக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் அளவுக்கு மேல் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும், வெளிப்படச் சொல்லி விற்றனர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. அந்நேர்மையை இன்றும் எதிர்பார்த்தல் தவறாகாது. நேர்மை தவறுமிடத்து, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடவும் வழியுண்டு.

விலை பேசுதல் இழிவன்று, பூசலுமன்று. விவரத்தை எழுத்தில் கேட்டல், இரண்டிடத்தில் ஒப்பிடல், இன்சொல்லால் உரைத்தல், பொருந்தாவிடின் எழுந்து வருதல் ஆகிய நான்கும் அறிந்தவர் எங்கும் ஏமாறார். உழைத்துச் சேர்த்த பணத்திற்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவேயாகும்.