அரசலாறு: கடைமடை உழவர் படிக்க வேண்டிய ஆறு

மண்ணைப் பரிசோதிக்கிறோம், விதையைத் தேர்ந்தெடுக்கிறோம். தண்ணீர் தரும் ஆற்றை மட்டும் படிப்பதில்லை. நானும் படிக்காமல்தான் விவசாயத்துக்கு வந்தேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நிரவிப் பக்கம் நிலத்தில் இறங்கிய முதல் சித்திரை. அரசலாற்றில் தண்ணீர் நிறைய நின்றது. ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன், பெரிதாகக் கரிப்பு இல்லை. இன்ஜினை வைத்துக் கத்தரிக்குப் பாய்ச்சினேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. பக்கத்து வயல் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "மேல நல்லாத்தான் இருக்கும் சார். உங்க ஃபுட் வால்வு அடியில கெடக்குதே, அங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு முதல் பாடம்.

பிரிந்துகொண்டே வரும் ஆறு

மலைநாட்டில் சிற்றாறுகள் சேர்ந்து பேராறு ஆகும். டெல்டாவில் தலைகீழ். காவிரி பிரிந்து பிரிந்து மெலிகிறது. கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு (பழைய பெயர் அரிசிலாறு) காரைக்கால் நகரை ஒட்டிக் கடலில் விழுகிறது. நாட்டாறும் வாஞ்சியாறும் இதன் கிளைகள். வடக்கே நந்தலாறு வீரசோழனாற்றின் கிளை. தெற்கே திருமலைராஜனாறு குடமுருட்டியிலிருந்து வருவது.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ரெகுலேட்டர், ஒரு பங்கு. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் நம் வாய்க்காலுக்கு வர நாளாகும். நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. காகிதத்தில் பங்கு உறுதி. வயலுக்கு அது எப்போது வருகிறது என்பதுதான் நம் கவலை.

ஒரே ஆற்றில் இரண்டு தண்ணீர்

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் நல்ல தண்ணீரைவிடக் கனம். மேலிருந்து வரத்து குறைந்ததும் உப்புத் தண்ணீர் ஆப்பு வைத்த மாதிரி ஆற்றின் அடியில் நுழைந்து மேற்கே ஏறும். நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கும். நான் குடித்துப் பார்த்தது மேல் தண்ணீரை, என் இன்ஜின் குடித்தது அடித் தண்ணீரை.

நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நிலம் அவ்வளவு தட்டை. மணல் அள்ளி ஆற்றின் அடிமட்டத்தைக் கடல் மட்டத்துக்குக் கீழே இறக்கினால், உப்பு இன்னும் உள்ளே வர நாமே வழி வெட்டிக் கொடுத்தது போலத்தான்.

போருக்குள் நடப்பது

நிலத்தடியிலும் இதே கதை. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏற இடம் கொடுக்கிறோம். வட்டியை எடுக்கலாம், முதலில் கை வைக்கக் கூடாது. ஆற்றிலும் குளத்திலும் தண்ணீர் நிற்பதுதான் அந்த முதல்.

என்ன செய்யலாம்?

1. ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையால் மூடி, அடிவரை இறக்கித் தக்கையைக் கயிற்றால் இழுங்கள். அடித் தண்ணீர் கிடைக்கும். கையடக்க இ.சி. மீட்டரில் 2,000 மைக்ரோ சைமன்ஸைத் தாண்டினால் நெல்லுக்குக்கூட யோசியுங்கள். கத்தரி, மிளகாய்க்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

2. ஃபுட் வால்வை மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள். மேல் தண்ணீர் மட்டும் வரும். வரத்து நின்ற கோடையில் அதையும் நம்ப வேண்டாம்.

3. நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பு தாங்காதவை. அந்த நாட்களுக்கு நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

4. கோடை உழவு போடுங்கள். அடியிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலேறுவது தடைபடும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். களிமண் பொலபொலப்பாகி மழைநீர் உள்ளே இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நம்மாழ்வார் ஐயா உப்பேறிய வயல்களை மீட்டதிலும் பசுந்தாள் உரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

5. உப்பைக் கரைத்து வெளியேற்றுவது ஐப்பசி, கார்த்திகை மழைதான். வடிகால் அடைபட்டிருந்தால் கரைந்த உப்பு வயலிலேயே தங்கிவிடும், பயிரும் அழுகும். கடைமடையில் பாசன வாய்க்கால் பாதி, வடிகால் பாதி. ஆவணிக்குள் வடிகாலைத் தூர் வாருங்கள்.

6. களர்பாளை, குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் நம் நெல் ரகங்களைக் கொஞ்சமாவது போட்டு, விதையைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது மாதம் இரண்டு முறை, அமாவாசையும் பௌர்ணமியும், ஆற்றின் மேலும் அடியும் அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஏற்றம் அதிகம் இருக்கும் நாட்கள் அவை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இப்படி எழுதினால், உப்பு எந்த மாதம் எந்த மதகுவரை வருகிறது என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். அந்த நோட்டோடு போய், தண்ணீர் எப்போது வேண்டும், தடுப்பு எங்கே வேண்டும் என்று கேட்டால் நம் பேச்சுக்குப் பலம் இருக்கும். வருகிற அமாவாசையிலிருந்து தொடங்குங்களேன்.