தை, மாசியில் கயாக் தூண்டில்: கடலூர்க் கழிமுகத்தில் நாக்கு மீன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் கடலூர்க் கரையில் கடல் தணியத் தொடங்கும். பங்குனியில் தென்காற்று வலுக்கும் வரை உள்ள இரண்டு மாதம்தான் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகில் தூண்டில் போடப் புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற காலம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனால் திருநாவலூர்ப் பக்கம் ஓடும் கெடிலம், பண்ருட்டியைத் தாண்டிக் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு அருகே வங்கக் கடலில் சேர்கிறது. சாலை வழியில் அது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். விடியலுக்கு முன் கிளம்பினால் முற்பகலுக்குள் வேலையை முடித்துத் திரும்பிவிடலாம்.

பொங்கலுக்கு முன் இறங்குவது கூடாது. மார்கழியிலும் இக்கரையில் புயல் அடித்திருக்கிறது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு, கடலூரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றில் வந்த வெள்ளம் இரு கரையையும் மூழ்கடித்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் வேரோடு வந்த மரங்களும் முள்வேலிக் கம்பிகளும் ஆற்று வாயில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். கலங்கல் தெளிந்து, அடி ஓரளவு கண்ணுக்குத் தெரியும் வரை பொறுப்பதே சரி. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா அன்றும், சுற்றூர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் மாசி மகத்தன்றும் தேவனாம்பட்டினத்தில் கூட்டம் நெரியும். அந்த இரு நாட்களிலும் படகை இறக்காமல் இருப்பது நல்லது.

தேட வேண்டிய மீன் நாக்கு மீன். உடல் தட்டையாக, நாக்கைப் போல நீண்டு, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும்போது இது மற்ற மீன்களைப் போலத்தான் நிமிர்ந்து நீந்துகிறது. சில வாரங்களில் ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் நகர, மீன் ஒருக்களித்து அடியில் படுத்துவிடுகிறது. பிறகு அதன் வாழ்வெல்லாம் மணலும் சேறும்தான். புழு, குட்டி இறால், சிறு நண்டு ஆகியவற்றைத் தரையோடு தரையாக ஊர்ந்து தின்னும். இதன் உறவான எருமை நாக்கு உடல் அகன்றது, பல் கூர்மையானது, அரை மீட்டருக்கு மேலும் வளர்வது. அது சற்று ஆழத்தில் கிடைக்கும். தொடங்குபவர் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நாக்கு மீனுக்கு இரண்டு முதல் ஐந்து மீட்டர் ஆழம் போதும். அந்த ஆழம் கழிமுகத்துக்கு உள்ளேயே இருக்கிறது, கரையும் கண்ணெதிரே இருக்கும். சிறிய மீன்தான், பெரிய போராட்டம் எதுவும் கிடையாது. ஆனால் புதியவரைத் தொலைவுக்கு இழுத்துச் செல்லாத மீன் என்பதே இதைப் பரிந்துரைக்க முதல் காரணம்.

படகு வாங்குபவர், உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையை விட்டு, மேலே உட்காரும் வகைக் கயாக்கை எடுக்க வேண்டும். அலை ஏறினாலும் தண்ணீர் துளைகள் வழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் திரும்ப ஏறலாம். அகலம் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் ஆட்டம் குறையும். உயிர்காப்பு உடுப்பைப் படகில் வைத்திருப்பது பயன்தராது, உடலில் இறுகக் கட்டியிருக்க வேண்டும். துடுப்பைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொள்வதும், ஊதலைக் கழுத்தில் தொங்கவிடுவதும், கைபேசியை நீர்புகாப் பையில் வைப்பதும், தூண்டில் கயிற்றை அறுக்க ஒரு கத்தியை மார்புக்கு அருகே செருகிக்கொள்வதும் கட்டாயம். தாழ்ந்த கயாக் அலைக்கு நடுவே பைபர் படகு ஓட்டுபவர் கண்ணில் படாது. அதனால் ஒரு கம்பில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டி நிறுத்துவது அவசியம்.

கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகியவர்கள் உள்மாவட்டத்தில் ஏராளம். அந்தப் பழக்கம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. முதல் இரண்டு மூன்று வாரம் தூண்டிலே இல்லாமல், இடுப்பளவு அமைதியான நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழக வேண்டும். கவிழ்ந்த படகை நிமிர்த்தி, நடுப்பகுதிக்கு நேராக நின்று, இரு கையாலும் மறுபக்க விளிம்பைப் பற்றி, காலை மேற்பரப்புக்கு உதைத்து எழுப்பி, முதலில் வயிற்றைப் படகின்மேல் போட்டுவிட்டுப் பிறகு புரண்டு உட்கார வேண்டும். எழுந்து முழங்காலில் ஏற முயன்றால் படகு மறுபடி கவிழும். கால் எட்டாத ஆழத்திலும், உடுப்பு அணிந்தபடி, யாரும் தொடாமல் இதைச் செய்ய முடிகிறவரே கழிமுகத்துக்குத் தயாரானவர்.

காலைக் காற்றைப் புரிந்துகொள்ளாமல் இறங்குவது ஆபத்து. இந்தப் பருவத்தில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். கடல் கண்ணாடியாய்க் கிடக்கும், துடுப்புப் போடாமலே படகு வெளியே நகரும். புதியவரை ஏமாற்றுவது இந்தச் சுகம்தான், ஏனெனில் திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். வெயில் ஏறியதும் காற்று திசை மாறிக் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், கரையோர அலையும் உயரும். காலை ஒன்பது மணிக்குக் கரை ஏறிவிடுவது பாதுகாப்பு. கிளம்பும்போது முதல் பத்து நிமிடம் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். அதுவே மூச்சு வாங்கினால் அன்று திரும்பிவிடலாம்.

ஏற்றவற்றம் இக்கரையில் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் அந்த ஒரு மீட்டர் நீர் முழுவதும் குறுகிய ஆற்று வாய் வழியே வெளியேறும்போது, எதிரே வரும் அலையோடு மோதி, வாயிலில் செங்குத்தான குட்டையலை எழும். கயாக் கவிழ அந்த இடம் போதும். ஆகவே வற்றம் தொடங்குவதற்கு முன்பே வாயிலை விட்டு விலகி, கழிமுகத்தின் உள்பகுதிக்கு வந்துவிட வேண்டும். ஏற்றம் உள்ளே வரும் நேரம்தான் நாக்கு மீனுக்கும் நல்ல நேரம், புதுநீர் இரையைக் கிளப்பிக்கொண்டு வரும். வாயிலுக்கு வெளியே கடலில் நீரோட்டம் கரைக்கு இணையாக ஓடும். வடக்கிலிருந்து வருவதை மீனவர் வன்னி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். மழைக்காலம் முடிந்து பிப்ரவரி வாக்கில் ஓட்டம் திரும்பி வடக்கு நோக்கி ஓடத் தொடங்குகிறது. தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் ‘இன்னைக்கு வன்னியா, தெண்டியாண்ணே?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும். எந்தச் செயலியும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ஆனாலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் அலை முன்னறிவிப்பையும் முந்தைய இரவே பார்ப்பது தவறக் கூடாது. தொலைவில் உருவான நெடு அலை, காற்றே இல்லாத காலையிலும் கரையில் உடையும்.

தூண்டில் எளியதாக இருந்தால் போதும். இரண்டு மீட்டருக்குட்பட்ட கம்பு, 0.30 மில்லிமீட்டர் நரம்பு, இருபது முதல் நாற்பது கிராம் ஈயம். நாக்கு மீனின் வாய் சிறியது, கோணலானது. அதற்கு 8 அல்லது 6 எண் முள் தேவை, பெரிய முள்ளை அது விழுங்காது. இரைக்குச் சேற்றுப் புழு முதன்மை. அது இல்லாவிட்டால் பச்சை இறாலின் ஓட்டை உரித்து, விரல்நக அளவுக்குச் சதையை நறுக்கி, முள்முனை சற்றே வெளியே தெரியும்படி கோக்கலாம்.

படகை நங்கூரமிட்டு ஒரே இடத்தில் நிறுத்துவதைவிட, மெல்ல நகரவிடுவது இந்த மீனுக்குப் பொருந்தும். ஈயம் அடியைத் தொட்டதும் கூடுதலாக ஒரு கை நரம்பை விட்டு, படகின் நகர்வில் ஈயம் மணலைச் சுரண்டியபடி வரவேண்டும். அப்போது எழும் சிறு கலங்கலைப் பார்த்துப் படுத்திருக்கும் மீன் முன்னே வரும். முள் ஈயத்துக்குப் பின்னே இரண்டு சாண் தொலைவில் இருந்தால் இரை அந்தக் கலங்கலின் வாலில் இருக்கும். தட்டுவது போன்ற அதிர்வு விரலில் உணர்ந்தவுடன் வெட்டி இழுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. நாக்கு மீன் முதலில் இரைமேல் படுக்கும், பிறகுதான் உள்ளே எடுக்கும். நரம்பைத் தளர்த்தி மூச்சு ஐந்தாறு வாங்கும் வரை பொறுத்து, கம்பை மெதுவாகத் தூக்கினால் முள் தானே பிடித்துக்கொள்ளும். பொழுது விடியும் முன்னும் விடிந்த சற்று நேரமும் கடி அதிகம், இது இருட்டில் மேயும் மீன்.

நங்கூரம் போட நேர்ந்தால் முனையிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ மட்டும் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் படகைச் சாய்த்துக் கவிழ்க்கும். அவிழ்க்க நேரமில்லாத நிலைக்குக் கத்தி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடியில் இரை போட்டால் வேறு மீனும் வரும். கெளுத்தியின் முதுகு, மார்புத் துடுப்பு முட்களும் திருக்கையின் வால்முள்ளும் நஞ்சுள்ளவை. அவற்றைக் கையில் பிடிக்காமல் இடுக்கியால் முள்ளைக் கழற்றி நீரிலேயே விடலாம், அல்லது நரம்பை அறுத்துவிடலாம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும், அதன்பின் மருத்துவமனைக்குப் போவது தப்பக் கூடாது. ஊதும் பேத்தையைச் சமைக்கவே கூடாது, அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றுப் பகுதியில் தூண்டில் போட்டுப் பழகலாம், ஆனால் அங்கே கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவருவது வேண்டாம். அந்த ஆற்றில் ஆலைக் கழிவு கலப்பது பற்றிப் பல்லாண்டுப் புகார்கள் உண்டு. சேற்றிலேயே கிடந்து சேற்றிலிருந்தே தின்னும் மீன் அந்தச் சேற்றில் உள்ளதையும் உடலில் சேர்த்துக்கொள்ளும்.

கழிமுகம் அங்கு வாழும் மீனவர் தொழிற்களம். படகு இறக்கும் இடத்தை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கரைவலை இழுக்கும் கயிற்றுக்கு இடையிலும், மிதவை வரிசையாகத் தெரியும் வலைமேலும், பைபர் படகுகள் போகும் ஆழ்வழியிலும் நிற்கக் கூடாது. உள்ளூர்க் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு இறங்கினால் நல்லது. அவர்களின் உதவி எண் 1093, கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தையும் சொல்லி வைக்க வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் முட்டையிட ஏறும். விடியலில் மணலில் அவற்றின் தடம் தெரிந்தால் அதன்மேல் படகை இழுக்காமல் சுற்றிச் செல்ல வேண்டும், விளக்கடிக்கக் கூடாது. தூண்டிலில் ஆமை சிக்கினால் தூக்காமல், முள்ளுக்கு இயன்ற அளவு அருகில் நரம்பை அறுத்துவிடலாம். இது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உயர்ந்த பாதுகாப்பில் உள்ள உயிர்.

ஒரு சாணுக்குக் குறைந்த நாக்கு மீனை ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விடுவதே முறை. எடுத்துவந்ததை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும், வெயிலில் அரைமணி நேரம் கிடந்தாலே சதை குழைந்துவிடும். கழுவும்போது தலைக்குப் பின்னே தோலில் குறுக்காகக் கீறி, உப்பு தொட்ட விரலால் பற்றி வால் பக்கம் இழுத்தால் தோல் முழுதாக உரியும். நடு எலும்பு ஒன்றே பெரியது, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். வறுவலுக்கு மிளகும் மஞ்சளும் போதும்.

பங்குனி நடுவில் தென்காற்று பிடித்துக்கொண்டதும், கழிமுகத்துக்கு வெளியே போகும் எண்ணத்தை நிறுத்திவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடை அமலில் இருக்கும். துடுப்புப் படகுக்கு அது பொருந்தாவிட்டாலும், அக்காலத்தில் சினை மீனைத் தொடாமல் விடுவதும், படகை நன்னீரில் அலசி, நிழலில் கவிழ்த்து வைப்பதும் செய்ய வேண்டியவை.