பழைய ஸ்போர்ட்ஸ் காரில் குளிர்சாதனம்

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. காரினுள் உள்ள வெப்பத்தை வெளியேற்றுகிறது. 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 1,798 கன செ.மீ. கொள்ளளவுடையது. குளிர்சாதனக் கம்ப்ரசரை இயக்க அதன் திறனில் ஒரு பங்கு செலவாகும். வெப்பத்தை வெளிவிடும் சுருள் ரேடியேட்டருக்கு முன்னால் அமைவதால், ரேடியேட்டரை அடையும் காற்று முன்னரே சூடேறிவிடும். நெரிசலில் வண்டி நின்றால் எஞ்சினின் நீர் கொதிக்கவும் கூடும். தொடக்ககால வண்டிகளிலிருந்த டைனமோவோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது விசிறிகளுக்குப் போதிய மின்சாரம் தராது. ஆகவே ரேடியேட்டரைத் துப்புரவாக்கி, மின்விசிறியும் ஆல்டர்னேட்டரும் பொருத்திய பின்னரே குளிர்சாதனம் அமைத்தல் வேண்டும்.

முன்னாளில் வழங்கிய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்டது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் புவியை வெப்பமாக்குவதால் அதனையும் காற்றில் திறந்துவிடலாகாது.