மரத்தூள் அரிப்பா? தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, பட்டறையில் ஈட்டி மரம் இழைத்த வாரம் கழுத்தும் கண் இமையும் அரிக்கிறதா? வேர்க்குரு என்று பவுடரைக் கொட்டிவிட்டுப் போகாதே. அரிக்கிற இடத்தைக் கவனி. மரத்தூள் அலர்ஜி கையோடு நிற்காது. பறக்கிற தூள் வியர்வையில் ஒட்டுகிற இடமெல்லாம் தடிக்கும்: கண் இமை, காலர் உரசும் கழுத்து, முழங்கை மடிப்பு, பெல்ட் இறுக்கும் இடுப்பு. லீவு நாளில் அடங்கி, வேலைக்குப் போனதும் திரும்பக் கிளம்பினால் பெரும்பாலும் வேலைதான் காரணம்.

“இத்தனை வருஷமா இதே மரம்தானே இழைக்கிறேன், இப்ப மட்டும் என்ன?” என்று கேட்பாய். அலர்ஜி அப்படித்தான் வரும். பல வருஷம் பேசாமல் இருந்த உடம்பு ஒருநாள் அந்தப் பொருளை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் துளித் தூளே போதும். ஈட்டியில் டால்பெர்ஜியோன், தேக்கில் லாபச்சால் வகைப் பொருட்கள் இருக்கின்றன. வயிரப் பகுதியில்தான் இவை அதிகம். முதிரை மரமும் சிலருக்கு ஆகாது. மரம் மட்டும் என்றும் நினைக்காதே. பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளின் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எபாக்ஸியும் டர்பன்டைனும்கூடத் தோலைப் படுத்தும்.

அதனால் ஒரு சின்ன நோட்டு வை. இன்று எந்த மரம், எந்தப் பசை, எந்த பாலிஷ், எங்கே அரித்தது என்று சாயங்காலம் இரண்டு வரி எழுது. மருத்துவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நான் கையைப் பிடித்துத் தடுக்க நினைப்பது ஒன்று உண்டு: தின்னரில் கை கழுவுவது. பாலிஷ் கறை போய்விடும்தான். தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தே போய்விடும். பிறகு விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகத்தான் மற்றதெல்லாம் உள்ளே இறங்கும். கறை காய்வதற்குள் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, மென்மையான சோப்பு போட்டுக் கழுவு. ஈரம் துடைத்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவு.

பாலிஷ் போடும்போது கையுறை போடு, நனைந்தால் உடனே மாற்று. ஆனால் கடைசல் இயந்திரம், வட்ட ரம்பம் ஓடும்போது கையுறை கூடவே கூடாது; துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும். உப்புத்தாள் மெஷினுக்குத் தூள் உறிஞ்சும் குழாய் மாட்டு. உடம்பில் படிந்த தூளை கம்ப்ரசர் காற்றால் ஊதாதே, ஈரத்துணியால் துடை. முகத்துக்கு என்95 மாஸ்க் போடு. மரத்தூள் மூக்கில் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே அறிவித்துவிட்டது.

வேலைச் சட்டையை பட்டறையிலேயே மாற்றிவிட்டு வா. குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கப் போடாதே.

மருந்துக்கடையில் “படைக்கு ஒரு க்ரீம்” என்று கேட்டு வாங்காதே. அப்படித் தருகிற பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அடங்கியது போலிருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். இமையில் பூசினால் கண்ணுக்கே ஆபத்து. தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்வார். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாளில் இன்னொரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்க வேலை செய்யவும் கூடாது. நீயாகத் தூளைத் தோலில் கட்டிச் சோதிக்காதே, புண்ணாகிவிடும்.

போகும்போது நீ இழைக்கும் மரங்களின் தூளைத் தனித்தனி கவரில் போட்டு, பெயர் எழுதி எடுத்துப் போ. பசை, பாலிஷ் டப்பாக்களின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக, “நான் மரவேலை செய்கிறேன் டாக்டர்” என்று சொல்லிவிடு.