ஈறுப் பைக்குள் வைக்கும் ஜெல் மருந்து

"தீபாவளி வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் உண்டு. ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை; துலக்கும்போது இரத்தம் கசிவதே முதல் அறிகுறி. அதனைப் பொருட்படுத்தாவிடில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது.

நலமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள இடைவெளி இருக்கும். கிருமிப் படலமும் காரையும் படிந்து நோய் முற்றும்போது அது 5 மில்லிமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து, பைபோல் ஆகிவிடும். பிரஷ் அந்த ஆழத்தை எட்டாது.

நோயுள்ள இடத்திலேயே மருந்தை வைக்கும் முறையை, 1979ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மாக்ஸ் குட்சன் டெட்ராசைக்ளின் அடைத்த நுண்ணிழைகளைக் கொண்டு சோதித்தார். இன்று 10 சதவீத டாக்சிசைக்ளின் ஜெல், 25 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல் போன்றவை உள்ளன. டாக்சிசைக்ளின் ஜெல்லை மழுங்கிய முனையுள்ள குழலால் பைக்குள் செலுத்துவர். அங்குள்ள ஈரம் பட்டதும் அது கெட்டியாகி, சுமார் ஒரு வாரம் மருந்தைச் சிறிது சிறிதாக வெளியிடும். உடல் முழுவதும் பரவும் மருந்தின் அளவு மிகக் குறைவு.

ஆயினும் ஜெல் துணை மருந்தே. காரையை அகற்றி வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வதே முதன்மைச் சிகிச்சை. கெட்டியான கிருமிப் படலத்தை மருந்து மட்டும் முழுமையாக ஊடுருவாது. "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று அஞ்சி, ஜெல் மட்டும் போதும் எனக் கேட்க வேண்டாம். எலும்பு குறைந்த பல்லைக் காரை பிடித்துவைத்திருக்கும்; அதை அகற்றியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. சுத்தம் செய்தது அதற்குக் காரணமன்று.

மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், தாய்ப்பாலூட்டல், சர்க்கரை நோய் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னரே கூறுங்கள். ஜெல் வைத்த இடத்தில் மருத்துவர் கூறும் நாள்வரை பிரஷ், குச்சி, விரல் படாமல் காத்துக்கொள்ளுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். பட்டாசு ஆலைக்குள் புகைக்க இயலாது என்பதால் புகையிலையை வாயில் அடக்குவோர் அப்பழக்கத்தை விடுவது மிக அவசியம்.

சில வாரங்கள் கழித்துப் பையின் ஆழத்தை மீண்டும் அளக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று அந்த வருகையைத் தவிர்க்காதீர்கள். சிகிச்சை பயன் தந்ததா என்பதை அந்த அளவே காட்டும்.