பழுதான ஹாட் டிஸ்க்: முதலில் பிரதி, பிறகுதான் திருத்தம்

இரணைமடுப் பக்க வீடுகளில் 2009க்கு முந்திய படங்களைக் காண்பது அரிது. போர்க்கால இடப்பெயர்வில் அல்பங்கள் போய்விட்டன. மீளக் குடியமர்ந்த பிறகு நடந்த கலியாணமும் சாமத்தியவீடும் பல வீடுகளில் ஒரேயொரு ஹாட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அப்படியான பழைய டிஸ்க்குகளோடு மல்லுக்கட்டிப் படித்தவற்றைச் சொல்கிறேன்.

1. சத்தத்தைக் கவனியுங்கள். ‘டக் டக்’ என்று தட்டினால் உடனே நிறுத்துங்கள். அது வாசிக்கும் தலையின் கோளாறு, மென்பொருளால் தீராது. படங்கள் முக்கியமென்றால் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

2. சத்தமில்லாமல் கோப்பு திறக்க மட்டும் சுணங்கினால் பழுதான செக்டராக இருக்கலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியைப் பாருங்கள். அது பூச்சியமாக இல்லாவிட்டால் பிரதி எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

3. விண்டோஸின் செக்டிஸ்க்கை முதலில் ஓட்டவே வேண்டாம். அது நோயாளி டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ பாவியுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, வாசிக்க மறுக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் பக்கத்துக்கு இது பெரிய உதவி.

4. எல்லாம் மீளாவிட்டாலும் மனம் தளராதீர்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் பெரும்பாலும் 4096 பைட். ஒரு படத்தின் நடுவில் அது போனால் மணமக்களின் முகம் தெளிவாக இருக்கும். கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிடலாம். அந்த மேற்பாதியும் சொத்துத்தான்.

5. பிரதி பத்திரமான பிறகு டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதுங்கள். எழுதும்போதுதான் டிஸ்க் பழுதான செக்டரைக் கைவிட்டு உபரி செக்டரை மாற்றிக்கொள்ளும். பிறகும் பழுது ஒரே பகுதியில் குவிந்திருந்தால், இருபுறமும் தாராளமாக இடம் விட்டு, அதைத் தவிர்த்துப் பார்ட்டிஷன் பிரியுங்கள்.

6. அந்த டிஸ்க்கில் இனிப் பாட்டும் சினிமாப் படமும் மட்டுமே. பழுது எண்ணிக்கை மேலும் கூடினால் கழற்றிவிடுங்கள்.

7. இரண்டாவது பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. ஒரே அலுமாரியில் இருக்கும் இரண்டு பிரதிகளும் ஒன்றாகத்தான் நனையும்.