படகுக்கு எந்தக் காப்பீடு? – ஒரு வகுப்பறைச் செயல்பாடு

பதினொன்றாம் வகுப்பு வணிகவியலில் காப்பீட்டுப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவாக இருக்கும். கோட்பாடுகளின் பெயர்களை மாணவர்கள் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். "உன் வீட்டுக்கு ஒரு பாலிசி எடுக்க வேண்டும், எதைப் பார்த்து எடுப்பாய்?" என்று கேட்டால், "பிரீமியம் எது குறைவோ அது சார்" என்பார்கள். பெரியவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். இந்தப் பதிலை மாற்றுவதற்காக என் வகுப்பில் மூன்று பாடவேளைகளில் செய்த செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

ஏன் படகு?

எங்கள் பள்ளி கடலோர ஒன்றியத்தில், கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. மாணவர்களில் பாதிப் பேர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். பைபர் படகு, அவுட்போர்டு இன்ஜின், நங்கூரம் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விடுமுறை நாட்களில் சுற்றுலாப் பயணிகள் வந்து படகுச் சவாரி கேட்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் பெரிய சரக்குக் கப்பலை விட்டுவிட்டு, 10 பேர் அமரும் ஓர் உல்லாசப் படகை எடுத்துக்கொண்டேன். படகின் இன்றைய மதிப்பு 5 லட்சம், இன்ஜின் 3 லட்சம், ஆக 8 லட்சம் ரூபாய். இதுவும் கீழே வரும் தொகைகளும் கணக்குப் போட எளிதாக நானே வைத்துக்கொண்டவை. சந்தை விலை அல்ல என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செயல்பாடு 1: எதையெல்லாம் இழக்கலாம்?

தொடக்கமாக இருசக்கர வாகனத்தைப் பற்றிப் பேசினோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு எடுப்பது நம் விருப்பம். "நம்ம வண்டிக்குக் கட்டாயம் இல்ல, அடுத்தவங்களுக்கு மட்டும் கட்டாயமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதி வைத்தேன். பாடம் முடியும்வரை அதை அழிக்கவில்லை.

பிறகு கரும்பலகையை நான்காகப் பிரித்தேன்: நம் பொருள், பிறர் பொருள், மனித உயிரும் உடலும், வருமானம். ஒவ்வொரு கட்டத்திலும் படகால் வரக்கூடிய இழப்புகளை எழுதச் சொன்னேன். முதல் கட்டம் இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிட்டது: அடிப்பகுதி விரிசல், இன்ஜின் திருட்டு, புயல், தீ. இரண்டாவது கட்டத்தில் பிறர் படகு, பிறர் வலை, படகுத்துறை என்று வந்தன. மூன்றாவது கட்டம் வெகுநேரம் காலியாகவே இருந்தது. "படகில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்ட பிறகுதான் பயணிகள், ஓட்டுபவர், உதவியாள் ஆகியோர் இடம்பெற்றனர். பழுது பார்க்கும் நாட்களில் சவாரி ஓடாது என்பதை வருமானக் கட்டத்தில் ஒரு மாணவி எழுதினார்.

செயல்பாடு 2: மூன்று பாலிசிகள்

குழுக்களுக்கு மூன்று மாதிரிப் பாலிசிகளைக் கொடுத்தேன். காப்பீட்டுத் தொகை மூன்றிலும் 8 லட்சம்.

அ – படகு முழுவதும் அழிந்தால் மட்டும் இழப்பீடு. ஆண்டு பிரீமியம் ரூ.8,000.

ஆ – முழு இழப்புடன் பகுதிச் சேதமும் சேரும். பகுதிச் சேதம் என்றால் ஒவ்வொரு முறையும் முதல் 20,000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். பிரீமியம் ரூ.16,000.

இ – 'ஆ'வில் உள்ளவற்றுடன், பிறர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கு 5 லட்சம் வரை. காயமடையும் பயணி ஒருவருக்கு 5 லட்சம் வரை. அதிகபட்சம் 10 பயணிகள். பிரீமியம் ரூ.24,000.

எந்த விவாதமும் இல்லாமல் முதலில் கைதூக்கச் சொன்னேன். 32 பேரில் 21 பேர் 'அ', 8 பேர் 'ஆ', 3 பேர் 'இ'. 'அ'வுக்கும் 'இ'க்கும் எட்டுக்கு இருபத்து நான்கு, மூன்று மடங்கு வித்தியாசம் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

செயல்பாடு 3: நிகழ்வு அட்டைகள்

அடுத்த பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் ஓர் அட்டையை எடுத்து, மூன்று பாலிசிகளிலும் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட்டது.

• புயலில் படகு மூழ்கி முழுவதும் அழிந்தது: மூன்றிலும் 8,00,000.

• தடுப்புச் சுவரில் மோதி விரிசல், பழுதுச் செலவு 1,20,000: 'அ'வில் ஒன்றுமில்லை, 'ஆ', 'இ' இரண்டிலும் 1,00,000.

• நம் தவறால் வேறொருவர் படகில் மோதினோம், அவருக்கு 90,000 சேதம்: 'இ'யில் மட்டும் 90,000.

• ஏறும்போது தவறி விழுந்த பயணிக்கு நாம் தர வேண்டிய இழப்பீடு 2,00,000: 'இ'யில் மட்டும் 2,00,000.

• ஏழு ஆண்டு ஓடித் தேய்ந்த இன்ஜின் நின்றுபோனது, செலவு 60,000: எதிலும் இல்லை.

கடைசி அட்டை பெரிய சலசலப்பை உண்டாக்கியது. "இவ்வளவு கட்டியும் இன்ஜினுக்குக் கிடையாதா?" என்றார்கள். காப்பீடு எதிர்பாராத இழப்புக்கு உரியது. தேய்மானம் கட்டாயம் வரும் என்று முன்பே தெரிந்த செலவு. அதற்கு மாதாமாதம் நாம்தான் பணம் ஒதுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள வரையறையை இந்த அட்டை விளக்கியதைப் போல என்னால் விளக்கியிருக்க முடியாது.

மீண்டும் வாக்கெடுப்பு நடத்தினேன்: 'அ' 4, 'ஆ' 9, 'இ' 19. 'அ'வை விடாத நால்வரில் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "சார், படகு உடைஞ்சா ஒரு லட்சம் கடன் வாங்கியாவது பார்த்துக்கலாம். ஆளுக்கு ஏதாவது ஆனா எங்களால தாங்க முடியாது. படகுக்குக் குறைச்சு, ஆளுக்குக் கூட்டி ஒரு பாலிசி இருக்கா?" என்றார். மூன்று பாலிசியிலும் அடங்காத அந்தப் பதில்தான் இந்தப் பாடத்தின் மையம். தாங்கக்கூடிய சிறு இழப்பை நாமே ஏற்று, தாங்க முடியாத பெரிய இழப்பைக் காப்பீட்டுக்கு மாற்ற வேண்டும். பாலிசியின் பெயர் எதுவானாலும் இந்த அளவுகோல் பொருந்தும். சாலையில் மூன்றாம் நபர் காப்பீடு ஏன் கட்டாயம் என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. நம் வண்டி போனால் இழப்பு நம்மோடு முடிந்துவிடும். அடிபட்டவருக்கு நம்மால் கொடுக்க முடியாமல் போனால் அவர் குடும்பம் நிற்கும்.

பிரீமியத்தையும் வேறு கோணத்தில் பார்க்கச் சொன்னேன். 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 'இ'யின் செலவு ரூ.28,320. ஆண்டில் 100 நாள் சவாரி, நாளுக்கு 40 பயணிகள் என்று வைத்தால், ஒரு பயணிக்கு ஏறத்தாழ 7 ரூபாய். "ஒரு டீ காசுகூட இல்ல சார்" என்றது ஒரு குழு.

மதிப்பைக் குறைத்துச் சொன்னால்?

பிரீமியத்தை மிச்சப்படுத்த, 8 லட்சம் பெறும் படகை 4 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால் என்ன ஆகும்? "4 லட்சம் வரை எந்தச் சேதமும் முழுதாகக் கிடைக்கும்" என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். விகிதாசார நிபந்தனை உள்ள பாலிசியில் அப்படி இல்லை. மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் 1,20,000 சேதத்தில் பாதி, அதாவது 60,000 மட்டுமே கணக்கில் வரும். அதில் 20,000 கழிந்தால் கைக்கு வருவது 40,000. மீதி 80,000 உரிமையாளர் தலையில். விகிதக் கணக்கு என்பதால் பத்தாம் வகுப்பிலும் இதைப் பயன்படுத்தலாம்.

இதையொட்டி இன்னொரு கருத்தையும் விளக்கினேன். கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963-இன்படி, படகின் மதிப்பை இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசி உண்டு. மதிப்பை இழப்புக்குப் பிறகு நிறுவ வேண்டிய பாலிசியும் உண்டு. இரண்டாவது வகையில், வாங்கிய ரசீது, இன்ஜின் எண், புகைப்படங்கள் ஆகியவை கையில் இல்லாவிட்டால் சிரமம்தான். அவற்றைப் படகிலேயே வைத்திருந்தால் படகோடு அவையும் போய்விடும் என்று ஒரு மாணவர் நினைவூட்டினார்.

முன்மொழிவுப் படிவம்: முக்கியமான ஒரு வரி

மூன்றாம் பாடவேளையில் நான் தயாரித்த முன்மொழிவுப் படிவத்தை நிரப்பினார்கள். அதில் 'படகின் பயன்பாடு' என்று ஒரு வரி. 'மீன்பிடிப்பு / சொந்த உல்லாசம் / கட்டணச் சவாரி' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "சார், மீன்பிடிக்கன்னு எழுதியிருக்கிற படகுல ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளு ஏத்தினா?"

வகுப்பு அமைதியானது. இப்படி ஆள் ஏற்றும் படகுகளை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருப்பதாகச் சொன்னேன். ஒன்று, பயணிகளை ஏற்ற அந்தப் படகுக்கு அனுமதி வேண்டும். மீன்பிடிப் படகின் அமைப்பு வேறு, பயணிகள் படகின் அமைப்பு வேறு. மற்றொன்று, காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. எந்தப் பயன்பாட்டைச் சொல்லிக் காப்பீடு பெற்றோமோ அதற்குத்தான் பாதுகாப்பு. பயன்பாட்டை மறைத்தால், பத்து வருடம் பிரீமியம் கட்டியிருந்தாலும் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இங்கே இரண்டு உண்மை நிகழ்வுகளைச் சொன்னேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். தானூர்ப் படகு மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டது என்றும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியது என்றும் செய்திகள் வெளிவந்தன. பிறகு கடைசி அட்டையைக் கொடுத்தேன்: '10 பேருக்கு அனுமதி, 16 பேர் ஏற்றப்பட்டனர், படகு கவிழ்ந்தது.' இந்த முறை யாரும் கணக்குப் போடவில்லை. "பாலிசி இருந்தாலும் இது பாலிசிக்கு வெளிய போன விஷயம் சார்" என்றார் குழுத் தலைவர். லைஃப் ஜாக்கெட்டும் ஆள் எண்ணிக்கையும் பிரீமியத்துக்கு முன்பே வர வேண்டியவை என்று அவர்களே எழுதினார்கள். இயந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுக் கலங்களுக்குக் காப்பீடு வேண்டும் என்று உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 சொல்வதையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மறுவாரம் அந்த மாணவி தனியாக வந்து பேசினார். கேட்டது அவருடைய சித்தப்பாவின் படகைப் பற்றித்தான். பாலிசியை அவரே வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறார். பயன்பாடு என்ற இடத்தில் மீன்பிடிப்பு என்று மட்டுமே இருந்திருக்கிறது. அனுமதி வாங்கும்வரை ஆள் ஏற்றுவதில்லை என்று சித்தப்பா நிறுத்திவிட்டாராம். "ஞாயித்துக்கிழமை காசு போச்சுன்னு என்மேல கோவமா இருக்காரு சார்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்கு வருத்தம் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு அந்த வருமானம் சிறியதல்ல.

விபத்துக்குப் பிறகு

நிறைவாக, இழப்பு ஏற்பட்டால் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தினோம். முதலில் ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். பிறகு சேதம் பெருகாமல் படகைக் கரைசேர்க்க வேண்டும். இழப்பைக் குறைக்க முயல்வது காப்பீடு பெற்றவரின் கடமை. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும்முன் பழுது பார்த்துவிடக் கூடாது. நிறுவனத்தின் முடிவு சரியில்லை என்றால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

மதிப்பீடு

தேர்வுத் தாளுக்குப் பதிலாக ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னேன்: 'படகு வாங்கப் போகும் மாமாவுக்கு, பாலிசியில் கையெழுத்துப் போடும்முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்.' பெரும்பாலான கடிதங்களில் முதல் கேள்வி 'இதில் எதெல்லாம் சேராது?' என்றிருந்தது. 'பிரீமியம் எவ்வளவு?' என்பது நான்காவது அல்லது ஐந்தாவது இடத்துக்குப் போயிருந்தது.

சக ஆசிரியர்களுக்கு

கடல் இல்லாத ஊரில் படகுக்குப் பதில் டிராக்டர், கறவை மாடு, ஆட்டோ, மளிகைக் கடை என எதையும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு கட்டங்களும், மூன்று பாலிசிகளும், நிகழ்வு அட்டைகளும் அப்படியே பொருந்தும். மாணவர்களின் வீட்டுப் பாலிசிகளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். குடும்பத்தின் கடனும் வருமானமும் பொதுவில் பேசப்படக் கூடாது. மாதிரிப் படிவமே போதும். வீட்டில் பாலிசிப் பத்திரத்தை முதன்முதலாகப் படித்துப் பார்க்கப்போவது பல வீடுகளில் நம் மாணவர்கள்தான். எந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை நாம் கற்றுக்கொடுத்துவிட்டால், மற்றதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களோடு பேசிக்கொள்வார்கள்.